திருகுகளை இறுக்கினால் மட்டும் போதுமா?

கேள்வி: என் மகன் 450 வகை மின்சார ரேடியோ ஹெலிகாப்டர் வைத்திருக்கிறான். எல்லாத் திருகுகளையும் இறுக்கிப் பார்த்த பிறகே வறண்ட குளத்தில் பறக்கவிடுவான். வால் பிளேடுகளைச் சாய்க்கும் சிறு மோட்டாரான சர்வோவைப் புதிதாக மாற்றியபின், தரையை விட்டுக் கிளம்பியதுமே ஹெலிகாப்டர் தன்னைத்தானே வேகமாகச் சுற்றி விழுந்துவிட்டது. பறக்கவிடுமுன் வேறு எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், வள்ளியூர்

பதில்: சர்வோவை மாற்றியதாகத் தாங்கள் எழுதியிருப்பதிலேயே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. ஹெலிகாப்டர் தானாகத் திரும்புவதை உணர்ந்து வாலைச் சரிசெய்யும் கருவியான கைரோ திருத்தும் திசை தலைகீழாகியிருக்கும். மூக்கு இடப்பக்கம் திரும்பும்போது அதை வலப்பக்கம் இழுக்க வேண்டிய கைரோ மேலும் இடப்பக்கமே தள்ளும். திருகுளியால் கண்டுபிடிக்கக் கூடிய பழுதன்று இது.

மோட்டாரின் மூன்று கம்பிகளையும் கழற்றிவிட்டு, முதலில் கையில் பிடித்து இயக்கும் டிரான்ஸ்மிட்டரைப் போட்டு, பிறகு ஹெலிகாப்டரின் பேட்டரியை இணைக்கச் சொல்லுங்கள். அணைக்கும்போது இந்த வரிசை தலைகீழாக வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரடர் குச்சியை வலப்பக்கம் தள்ளும்போது வால் பிளேடுகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று பார்த்து, அது கையேட்டில் உள்ளபடி இருக்கிறதா என உறுதி செய்துகொள்ளட்டும். பின்பு குச்சியை விட்டுவிட்டு, ஹெலிகாப்டரின் மூக்கைக் கையால் சட்டென்று இடப்பக்கம் திருப்பினால், பிளேடுகள் முன்பு சாய்ந்த அதே பக்கம் சாய வேண்டும். மாறிச் சாய்ந்தால் கைரோவின் திசையை மாற்றாமல் பறக்கவிடக் கூடாது. ஃப்ளைபார் (மேல் பிளேடுகளோடு சுழன்று நிலைநிறுத்தும் தண்டு) இல்லாத வகையாக இருந்தால், முன்பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கும்போது மேல் பிளேடுகளின் சாய்வை மாற்றும் தட்டான ஸ்வாஷ்பிளேட் பின்பக்கம் சாய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒருமுறை விழுந்த ஹெலிகாப்டர் என்பதால் பிளேடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 325 மில்லிமீட்டர் பிளேடுகள் நிமிடத்துக்கு 2,500 முறை சுழன்றால் அவற்றின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. ஆகவே மயிரிழை விரிசல் கண்ட பிளேடைப் பசை போட்டு ஒட்டுவது சிக்கனமாகாது, அதை எறிந்துவிடுவதே முறை. பிளேடைப் பிடிக்கும் போல்ட்டை மட்டும் முழுவதுமாக இறுக்கக் கூடாது: ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பிளேடு தன் எடையால் தொங்காமலும், லேசாக உலுக்கினால் நகர்ந்தும் இருக்க வேண்டும். நடுத்தண்டும் பிளேடுகளைத் தாங்கும் குறுக்குத் தண்டும் வளையாமல் இருக்கின்றனவா என்று கண்ணாடிப் பரப்பில் உருட்டிப் பார்க்கலாம். மூன்று செல் பேட்டரி முழுமையாக ஏறியிருந்தால் 12.6 வோல்ட் காட்டும். உப்பிய பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம். மோட்டார் கம்பிகளை மீண்டும் இணைத்த பிறகு, களத்தில் போய் நிற்கும்வரை மோட்டாரைச் சுழலவிடாமல் தடுக்கும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்ச் போட்டபடியே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பகுதித் தேரி மணலில் பறக்கவிடலாமா?
- வாசகர், திசையன்விளை

பதில்: பலகை ஒன்றை விரித்து அதன்மேலிருந்து கிளப்பினால் பறக்கவிடலாம். அந்தச் செம்மணல் பல்சக்கரங்களிலும் வால் பேரிங்குகளிலும் புகுந்துவிடும் என்பதால், ஒவ்வொரு முறை இறங்கிய பின்னும் அவற்றை விரலால் மெல்லச் சுழற்றி, நறநறவென்று ஒலிக்கிறதா என்று கேளுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு உகந்ததே தவிர, பழகுபவர்களுக்கு உகந்ததன்று, விடியற்காலையில் முயலலாம். விஜயநாராயணம் கடற்படை நிலையம், கூடங்குளம் அணுமின் நிலையம் ஆகியவற்றின் அருகே எந்தக் காலத்திலும் பறக்கவிட வேண்டாம்.