பேரனின் வீட்டுப்பாடமும் லிண்டன் ஜான்சனும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பள்ளியில் 34 வருடம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது ஆறு மாதமாக மகள் வீட்டில், ஆஸ்டின் அருகே சீடர் பார்க்கில் இருக்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் பேரனுக்குப் பள்ளியில் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்கள்: 'தலைவராக நின்று அமெரிக்காவை மிகச் சரியாகப் பிரதிநிதித்துவப்படுத்திய ஜனாதிபதி யார்?' இதை வைத்து மூன்று நாளாக வீட்டில் ஒரே விவாதம். கையில் இருந்த அதிகாரத்தைத் தானாக விட்டுப் போனவர் என்பதால் மருமகன் வாஷிங்டன் என்கிறார். மகளுக்கு லிங்கன். எனக்குக் கென்னடி. அவர் சுடப்பட்ட செய்தி வந்த அன்று என் அப்பா சாப்பிடவில்லை, அது இன்னும் நினைவில் இருக்கிறது. பேரன் எங்கள் யார் பக்கமும் சாயவில்லை. நீங்கள் யாரைச் சொல்வீர்கள்?

க., சீடர் பார்க், டெக்சஸ்

அன்புள்ள ஐயா,

உங்கள் வீட்டில் மூன்று பேரும் 'சிறந்த ஜனாதிபதி யார்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பேரனிடம் கேட்டிருப்பது கொஞ்சம் வேறு கேள்வி என்று எனக்குப் படுகிறது. சிறந்தவர் யார் என்றால் நானும் உங்கள் மகளோடு சேர்ந்து லிங்கன் என்றுதான் சொல்வேன். ஆனால் ஒரு நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்துவது என்றால், அந்த நாட்டின் நல்லதும் கெட்டதும் அந்த ஆளுக்குள் இருக்க வேண்டும். அவர் செய்ததைப் படித்தால் நாடு நமக்குப் புரிய வேண்டும். அப்படிப் பார்க்கும்போது என் பதில் லிண்டன் ஜான்சன். கென்னடி சுடப்பட்ட அன்று டல்லாஸில் விமானத்துக்குள் நின்று பதவியேற்றாரே, அவர்தான்.

லிங்கனை ஏன் விடுகிறீர்கள் என்று மகள் கேட்பார். 1860 தேர்தலில் தெற்கே பத்து மாநிலங்களில் லிங்கனுக்கு ஓட்டுச்சீட்டே கிடையாது. நாடு முழுக்கச் சேர்த்து அவருக்கு விழுந்தது 40 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அவர் பதவியேற்பதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்து போய்விட்டன. தன் நாட்டைவிட உயர்ந்து நின்ற மனிதர் அவர். நாட்டைத் தன் உயரத்துக்கு இழுக்கப் பார்த்தார், அதற்கு உயிரையும் கொடுத்தார். மருமகன் சொல்வதும் உண்மை. வாஷிங்டன் 1783இல் படைத்தலைமையையும் 1797இல் ஜனாதிபதி பதவியையும் விட்டுவிட்டு மவுண்ட் வெர்னன் பண்ணைக்குத் திரும்பினார். அந்தப் பண்ணையில் உழைத்தவர்கள் அடிமைகள். இன்றைய அமெரிக்கர்களில் பெரும்பாலோருக்கு அவருடைய அமெரிக்காவில் ஓட்டு இருந்திருக்காது.

கென்னடிக்காக உங்கள் அப்பா சாப்பிடாமல் இருந்ததை நான் மதிக்கிறேன். ஆனால் நிற வேற்றுமையைத் தடை செய்ய 1963 ஜூனில் கென்னடி அனுப்பிய சிவில் உரிமை மசோதா, நவம்பரில் அவர் இறக்கும்போது பிரதிநிதிகள் சபையின் ஒரு கமிட்டியில் முடங்கிக் கிடந்தது. அதை எடுத்துச் சட்டமாக்கியவர் ஜான்சன்.

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே அவரைப் பார்க்கத் தொடங்கலாம். மகள் வீட்டு மின்கட்டண பில்லை எடுத்துப் பாருங்கள். சீடர் பார்க் என்றால் பெரும்பாலும் அதில் பெடர்னாலிஸ் மின் கூட்டுறவு என்ற பெயர் இருக்கும். உங்களுக்கு மேற்கே இருக்கும் மலைப் பகுதியில், பெடர்னாலிஸ் ஆற்றங்கரையில், 1908இல் பிறந்தவர் ஜான்சன். அப்பா மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர், பிறகு கடனில் மூழ்கி ஊர் முன்னால் தலைகுனிந்தவர். அந்த மண்ணில் பெண்கள் கிணற்றிலிருந்து நீர் சுமந்து, விறகடுப்பில் இரும்பைச் சூடாக்கித் துணி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் கிடையாது. ஒரு மைலுக்கு மூன்று வீடாவது இருந்தால்தான் மின்கம்பி இழுக்கக் கடன் தருவோம் என்பது அரசின் விதி. மலைப் பகுதியில் வீடுகள் அவ்வளவு நெருக்கமாக இல்லை. 1937இல் நாடாளுமன்றத்துக்குப் போன ஜான்சன், அன்றைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடம் நேரில் போய் நின்று அந்த விதியைத் தளர்த்த வைத்தார். விளக்கு எரிந்தது.

அதே ஆள்தான் 1948இல் செனட் இடத்துக்குக் கட்சிக்குள் நடந்த தேர்தலில் 87 ஓட்டில் ஜெயித்தார். ஆலிஸ் என்ற ஊரின் 13ஆம் பெட்டியில், வாக்குப்பதிவு முடிந்து ஆறு நாள் கழித்துச் சுமார் 200 ஓட்டு கூடுதலாக முளைத்தது. பட்டியலில் அந்தப் பெயர்கள் ஒரே மையில், அகர வரிசையில் இருந்தன. நாடாளுமன்றத்தில் முதல் இருபது வருடம் சிவில் உரிமை மசோதா எது வந்தாலும் எதிர்த்து ஓட்டுப் போட்டவரும் அவரே. இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு விருப்பம் இல்லை. மறைத்தால் நான் சொல்ல வந்ததே போய்விடும்.

அப்புறம் 1964. கென்னடி விட்டுப் போன அந்த மசோதாவைச் செனட்டில் எதிர்த்தவர்களுக்குத் தலைவர் ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸ்ஸல். ஜான்சனுக்கு அரசியல் சொல்லிக் கொடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர் என்பதால் ஜான்சன் வீட்டில் வந்து சாப்பிடுவார், ஜான்சனின் பெண்கள் அவரை டிக் மாமா என்று கூப்பிடுவார்கள். அந்த மனிதரைத்தான் ஜான்சன் தோற்கடித்தார். பேசிப் பேசியே மசோதாவைச் சாகடிப்பது தென் மாநில செனட்டர்களின் பழைய வழி. ஜூன் 10ஆம் தேதி 71க்கு 29 என்ற கணக்கில் அந்தப் பேச்சு நிறுத்தப்பட்டது. ஜூலை 2ஆம் தேதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார்.

செனட்டர்களிடம் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டு. அவர் வீட்டுச் சமையல்காரர் செஃபைர் ரைட், கல்லூரியில் படித்த கறுப்பினப் பெண். வாஷிங்டனுக்கும் டெக்சஸுக்கும் இடையே காரில் போகும்போது வழியில் எந்த உணவகத்திலும் அவரை உட்கார விடமாட்டார்கள். கழிப்பறையும் கிடையாது. சாலையோரம் ஒதுங்க வேண்டும். என் வீட்டில் சமைப்பவருக்கு இந்த நிலை என்றால் அது தப்பு என்று ஜான்சன் நேராகச் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைக்கிறேன். ஆனால் அமெரிக்காவுக்கே அத்தனை வருடம் ஆயிற்று.

நீங்கள் ஆசிரியர் என்பதால் அடுத்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1928இல், இருபது வயதில், கல்லூரிச் செலவுக்குப் பணம் இல்லாமல் படிப்பை நிறுத்திவிட்டு, கொட்டுல்லா என்ற தெற்கு டெக்சஸ் ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளின் பள்ளியில் ஜான்சன் வேலை பார்த்தார். 1965 மார்ச் 15ஆம் தேதி இரவு, நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் முன்னாலும் நின்று, கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமை கேட்டபோது அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். காலையில் சாப்பிடாமல் பசியோடு வருவார்கள், தங்களைப் பிறர் வெறுப்பது ஏன் என்று அவர்களுக்குப் புரியாது, ஆனால் வெறுக்கிறார்கள் என்று தெரியும், அதை அவர்கள் கண்ணில் பார்த்தேன் என்றார். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு உதவும் வாய்ப்பு எனக்கு வரும் என்று அன்று நான் கனவிலும் நினைக்கவில்லை, இப்போது வந்திருக்கிறது, பயன்படுத்தப் போகிறேன் என்றார். வெள்ளைக்காரத் தெற்கத்திக் குரலில், கறுப்பினப் போராட்டப் பாட்டின் வரியான 'நாம் வெல்வோம்' என்பதையும் சொன்னார். அந்தப் பேச்சை எப்போது கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் அந்த வருடத்து நாட்காட்டியை வைத்துக்கொண்டு பாருங்கள். மார்ச் 7ஆம் தேதி அலபாமாவின் செல்மாவில் ஓட்டுரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. அடுத்த நாள், மார்ச் 8, ஜான்சன் அனுப்பிய மரைன் படை வீரர்கள் வியட்நாமின் டா நாங் கரையில் இறங்கினார்கள். ஜூலை 28ஆம் தேதி வியட்நாமில் படையை 75,000இலிருந்து 1,25,000 ஆக்குகிறேன் என்று அறிவித்தார். ஜூலை 30ஆம் தேதி வயதானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தரும் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்ட் 6ஆம் தேதி வாக்குரிமைச் சட்டம். ஒரே ஆள், ஒரே கை. அவர் பதவியை விடும்போது வியட்நாமில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். போர் முடிவதற்குள் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள். வியட்நாமியர்கள் லட்சக்கணக்கில்.

அவருக்குத் தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. தன் தொலைபேசிப் பேச்சுகளை அவரே ரகசியமாகப் பதிவு செய்ய வைத்தார். 600 மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது, இணையத்தில் யாரும் கேட்கலாம். 1964 மே 27ஆம் தேதி, அதாவது பெரும்படை போவதற்குப் பல மாதம் முன்பு, தன் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் பேசுகிறார். இதற்காகச் சண்டை போடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் வெளியே வரவும் முடியும் என்று தோன்றவில்லை என்கிறார். தனக்குப் பணிவிடை செய்யும் ஒரு சார்ஜெண்டுக்கு ஆறு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவனை நான் எதற்கு அங்கே அனுப்ப வேண்டும், வியட்நாமால் இந்த நாட்டுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறார். இவ்வளவும் தெரிந்துதான் அனுப்பினார். கம்யூனிஸ்டுகளிடம் ஒரு நாட்டை விட்டுக்கொடுத்தவன் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம். நான் இதை மன்னிக்கவில்லை. பேரனும் மன்னிக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்கே வருகிறேன். 1965 அக்டோபர் 3ஆம் தேதி, சுதந்திர தேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதுவரை இந்தியாவுக்கு ஒதுக்கியிருந்த இடம் வருடத்துக்கு 100 பேர். மொத்த இந்தியாவுக்கும் 100. புதிய சட்டம் பிறந்த நாட்டைப் பார்த்துப் பங்கு போடுவதை எடுத்துவிட்டு, குடும்ப உறவையும் தொழில் திறமையையும் முன்னால் வைத்தது. இது புரட்சிகரமான சட்டம் அல்ல, லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கையை இது மாற்றிவிடாது என்று அன்று அவரே பேசினார். அது எவ்வளவு தவறு என்பதற்கு உங்கள் மகளும் மருமகனும் சீடர் பார்க்கில் இருப்பதே சாட்சி. நமக்குக் கதவைத் திறந்த அதே சட்டம்தான், மெக்சிகோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோள நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு முதல் முறையாக எண்ணிக்கை வரம்பு போட்டது. கொட்டுல்லா பள்ளிக்கூட வாத்தியார் போட்ட கையெழுத்து அது.

நம் ஊர்ப் பக்கத்திலும் அவர் கை பட்டிருக்கிறது. 1965-66 வறட்சியில் இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாகக் கோதுமை அனுப்பினார். கூடவே, மொத்தமாக ஒப்புக்கொள்ளாமல் மாதாமாதம் காத்திருக்க வைத்தார். விவசாயக் கொள்கையை மாற்றச் சொன்னார், வியட்நாம் பற்றி இந்தியா பேசியபோது கோபப்பட்டார். அந்த நெருக்கடியில் ரோமில் அமெரிக்க விவசாயச் செயலரோடு உட்கார்ந்து பேசி முடித்தவர் அன்று மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்த நம் சி. சுப்பிரமணியம். பசிக்குச் சோறு போட்டதும் அவர்தான், போட்ட கையால் கழுத்தைப் பிடித்ததும் அவர்தான். அமெரிக்காவோடு உறவு வைத்த பல நாடுகள் இதை அடையாளம் கண்டுகொள்ளும்.

பேரன் ஜான்சனைத்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை ஸ்டோன்வாலுக்குக் கூட்டிப் போங்கள். காரில் ஒன்றரை மணி நேரம். ஜான்சனின் பண்ணையும், ஆற்றங்கரையில் ஓக் மரத்தடியில் அவர் கல்லறையும், அவர் நான்கு வயதில் போன ஓரறைப் பள்ளிக்கூடமும் அங்கே இருக்கின்றன. 1965 ஏப்ரலில் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசுப் பணம் தரும் சட்டத்தில் அந்தப் பள்ளிக்கூட வாசலில்தான் கையெழுத்துப் போட்டார். தனக்கு முதலில் எழுத்துச் சொல்லிக் கொடுத்த டீச்சரைத் தேடி வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போட்டார். அந்தப் புகைப்படத்தை நீங்கள் பார்க்க வேண்டும் ஐயா.

போய் வந்ததும் எழுதுங்கள். பேரன் யாரை எழுதினான் என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்.