குடும்பத்தோடு ஒரு வாரம் விடுமுறைக்குப் போக வேண்டும், மஸ்கி மீனும் நன்றாகக் கிடைக்க வேண்டும். எந்த ஏரியைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, உங்களுக்கு மஸ்கி பைத்தியம் பிடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. வீட்டில் "ஏரிக்கரையில் ஒரு வாரம் கேபின் எடுக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்திருப்பீர்கள். விடியற்காலை நாலரைக்குப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பப்போகிற விஷயத்தை இன்னும் உடைத்திருக்க மாட்டீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். உங்கள் வீடு வேறு மாதிரி என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான பதில்: குழந்தைகள் படகுத்துறையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு புளூகில் என்கிற குட்டி மீன் பிடிக்கிற மாதிரி ஓர் ஏரியை முதலில் பாருங்கள். அதில் மஸ்கியும் இருந்தால் உடனே கட்டிவிடுங்கள் முன்பணத்தை. நான் இதைத் தலைகீழாகச் செய்து, அதற்கான விலையைக் கொடுத்தவன்.

மஸ்கி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: முழுப்பெயர் மஸ்கலஞ்ச். வட அமெரிக்க நன்னீரில் வேட்டையாடும் மீன், விஸ்கான்சினின் மாநில மீன். பார்க்க நம் ஊர் சீலா மாதிரி நீள உடம்பு, நீட்டிய தாடை, ஊசிப் பல். புத்தி மட்டும் விரால் புத்தி; களைச்செடிக்குள் அசையாமல் கிடந்து பாயும். நல்ல ஏரியிலும் ஏக்கருக்கு ஒரு பெரிய மீன்கூடத் தேறாது. பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று இங்கே சொல்வார்கள். மிகைதான், ஆனால் வீசியவனுக்கு மிகையாகத் தெரியாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2021 நவம்பரில் மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் 55 பவுண்டு 14.8 அவுன்ஸ் எடையில் ஒரு மஸ்கி மாட்டியது, மாநில சாதனை. அந்தப் படத்தைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அடுத்த ஆகஸ்டுக்கு அதே ஏரியில் கேபின் பதிவு செய்துவிட்டேன். சிகாகோ புறநகரிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். மனைவி, எட்டு வயது மகள், ஐந்து வயது மகன், ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

படத்தில் மீனைப் பார்த்தேனே தவிர, பிடித்தவர் உடுத்தியிருந்த குளிர்கால உடையைப் பார்க்கவில்லை. அது ஏரி உறையப்போகிற நவம்பர் கடைசி. பெரிய மஸ்கிகளின் படங்களில் பாதி, இலை உதிர்ந்த பிறகு எடுத்தவை. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு விடுமுறை ஜூன் முதல் ஆகஸ்டு வரை. இனி யாராவது ஒரு மீன் படத்தைக் காட்டி ஓர் ஏரியைச் சிபாரிசு செய்தால், எந்த மாதம் எடுத்தது என்று முதலில் கேளுங்கள்.

மில் லாக்ஸ் சுமார் 1,32,000 ஏக்கர். சென்னை மாநகராட்சியை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆனால் அதிகபட்ச ஆழமே 42 அடிதான். இவ்வளவு பரந்த, ஆழமில்லாத தண்ணீரில் காற்று கிளம்பினால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக அறையும். ஆறு நாளில் மூன்று நாள் படகைக் கரையிலிருந்து அவிழ்க்கவே முடியவில்லை. வாடகைப் படகு பதினாறு அடி. கேபினில் ஐந்து பேர், ஒரே கழிப்பறை, விளம்பரத்தில் "மணற்கரை" என்று போட்டிருந்த இடத்தில் கூழாங்கல். நான்காம் நாள் மகன் சோபா மெத்தையிலிருந்த ஜிப்பை முழுவதும் பிய்த்துவிட்டான், அதற்கும் காசு கேட்டார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் பயமாக இருந்தது.

மினசோட்டாக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அந்த ஏரி மோசம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை குறைவு, உருவம் பெரிது, அதற்கென்றே இருக்கிற ஏரி அது. தனியாக, பெரிய படகோடு, இலையுதிர் காலத்தில் போகிறவனுக்கு அது காசி. நான் ஐந்து வயதுப் பையனோடு போனது என் தப்பு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். அந்தப் பயணத்துக்கு முதலில் நான்கு குடும்பம் வருவதாக இருந்தது. வாட்ஸப்பில் குழு வைத்து, யார் சாம்பார், யார் புளியோதரை என்றுகூடப் பிரித்தாயிற்று. பணம் கட்டியது நான். பதினைந்து நாள் இருக்கும்போது ஒரு வீட்டில் பரதநாட்டிய ஒத்திகை, இன்னொரு வீட்டில் "அவருக்கு ஆன்சைட் கால்", மூன்றாவது வீட்டிலிருந்து பதிலே இல்லை, நீலக் குறி மட்டும். முன்பணம் திரும்பி வராது என்று நான் ஆரம்பத்திலேயே எழுதியிருந்தேன். இன்றுவரை ஒருவரும் அதைப்பற்றிப் பேசியதில்லை. தீபாவளி விழாவில் பார்த்தால் மட்டும் "என்ன, மீன் கிடைச்சுதா?" என்று ஒரு சிரிப்பு. ஆகவே, கூட்டமாகப் போவதென்றால் அவரவர் கேபினை அவரவர் கார்டில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏரியைத் தேர்வதைவிட இது முக்கியம்.

அடுத்த வருடம் மாமனார் சொன்னார்: "மாப்ள, கடலு வேண்டாம். குளமா ஒண்ணு பாருங்க." ஒரத்தநாட்டுப் பக்கம் ஆறு, வாய்க்கால், குளம் எல்லாவற்றிலும் தவளை கோத்து விரால் பிடித்த மனிதர். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

மீதிப் பாதி விஸ்கான்சின் இயற்கை வளத் துறையின் பட்டியலில் இருந்தது. அங்கே மஸ்கி ஏரிகளை வகை பிரித்திருக்கிறார்கள். ஏ1 என்றால் பெரிய மீன் கிடைக்கக்கூடிய ஏரி, எண்ணிக்கை குறைவு. ஏ2 என்றால் உருவம் அவ்வளவு இல்லை, ஆனால் மீன் அடிக்கடி தட்டுப்படும். குடும்பத்தோடு போகிறவன், நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான் வீச முடியும் என்கிறவன், கண்ணை மூடிக்கொண்டு ஏ2 பக்கம் போகலாம். ஒரு வாரத்தில் நாலு மீன் பொய் இரைக்குப் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுப் போனால்கூட மனசு நிறையும். ஏ1 ஏரியில் அதுவும் நடக்காமல் திரும்பலாம்.

நாங்கள் போனது வடக்கு விஸ்கான்சின் விலாஸ் கவுண்டியில், 600 ஏக்கருக்குள் அடங்கும் ஓர் ஏ2 ஏரி. பெயர் கேட்காதீர்கள். அந்தக் கவுண்டியில் ஆயிரத்துக்கும் மேல் ஏரிகள் உண்டு, உங்களுக்கென்று ஒன்று இருக்கும். எந்தப் பக்கமிருந்து காற்றடித்தாலும் அந்தப் பக்கக் கரையோரம் தண்ணீர் அமைதியாக இருக்கும். கேபினிலிருந்து இருபது அடியில் படகுத்துறை, முழங்கால் ஆழத்தில் நிஜமான மணல். "இறங்கினா கடிக்குமா?" என்று மனைவி கேட்டாள். மஸ்கி ஆளைக் கடித்த செய்தி எப்போதாவது வரும், மிக அரிது. களைச்செடி ஓரமாகக் காலைத் தொங்கவிட்டு ஆட்டாதீர்கள் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லி வைத்தோம்.

மாமனாருக்கும் எனக்கும் லைசென்ஸ் எடுத்தேன். பதினாறு வயதுக்குக் கீழே விஸ்கான்சினில் தேவையில்லை. பெட்ரோல் பங்க் ஃப்ரிட்ஜில் மண்புழு டப்பாவைப் பார்த்துவிட்டு மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மண்புழுவுக்குக் காசா?" என்று மூன்று முறை கேட்டார். அப்புறம் தினமும் காலை, மாலை தக்கையைப் போட்டுக்கொண்டு படகுத்துறையில் உட்கார்ந்துவிடுவார், இரண்டு பக்கமும் பேரப்பிள்ளைகள். உள்ளங்கை அளவு புளூகில் வந்துகொண்டே இருக்கும். சோம்பு, மிளகாய்த்தூள் போட்டு மனைவி பொரித்தாள். புகை அலாரம் இரண்டு நாள் அடித்தது.

நான்காம் நாள் மாலை ஏழரை மணி இருக்கும். நான் ஏரியின் மறுகோடியில் படகில் நின்று வீசிக்கொண்டிருந்தேன். இங்கே நின்றே வீச வேண்டும், பொய் இரை படகுக்கு அருகில் வந்ததும் தூண்டில் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு போட வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பைக்கில் போடுவோமே, அதே எட்டு. பின்னாலேயே வந்த மஸ்கி அந்தத் திருப்பத்தில்தான் பல முறை கடிக்கும். அன்று நான் நூறு முறையாவது எட்டு போட்டிருப்பேன். அப்போது அக்கரையிலிருந்து மகளின் அலறல். யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து மோட்டாரை முடுக்கினேன், கை நடுங்கியது.

நடந்தது இது. மாமனார் ஒரு புளூகிலை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். படகுத்துறைக்கு அடியில் கிடந்த மரக்கட்டை நகர்ந்திருக்கிறது. மரக்கட்டை அல்ல. புளூகிலைக் குறுக்கே கவ்விக்கொண்டு அங்கேயே நின்றது. வேறு யாராக இருந்தாலும் இழுத்து நரம்பை அறுத்திருப்பார்கள். அவர் விராலுக்குச் செய்கிற மாதிரி நரம்பைத் தளர விட்டுவிட்டு, "சத்தம் போடாதீங்க, தின்னட்டும்" என்றிருக்கிறார். அரை நிமிடம், படகுத்துறையின் ஐந்து பலகை நீளத்துக்கு அது தன் உடம்பு முழுவதையும் காட்டியபடி மெல்லத் திரும்பி, வாயைத் திறந்து, புளூகிலைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. நான் வந்து சேர்ந்தபோது பல் பதிந்த அந்தக் குட்டி மீனும், "அப்பா, நீ ஏன் அங்க போன?" என்ற கேள்வியும்தான் மிச்சம்.

அந்த வருடம் எனக்கு ஒன்றும் மாட்டவில்லை. வீட்டில் எல்லோரும் மஸ்கியைப் பார்த்துவிட்டார்கள், என்னைத் தவிர. ஆனால் திரும்பி வரும் வழியிலேயே மனைவி அடுத்த வருடத்துக்கு அதே கேபினைக் கேட்கச் சொன்னாள். மறுவருடம் ஜூன் கடைசியில் 36 அங்குலம் ஒன்று மாட்டியது, படகோரத்தில், எட்டின் இரண்டாவது வளைவில். 36 எல்லாம் ஒரு மீனா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். விஸ்கான்சினில் பொதுவான குறைந்தபட்ச அளவு 40 அங்குலம், மினசோட்டாவில் 54. ஆகவே விட்டுத்தான் ஆக வேண்டும். 40-ஐத் தாண்டியிருந்தாலும் விட்டிருப்பேன். அவ்வளவு பெரிதாக வளரப் பல வருடங்கள் பிடிக்கும். "விடுவதற்கா இவ்வளவு செலவு, காஸ்ட்கோவில் சால்மன் கிடைக்காதா?" என்று இதன் கீழே யாராவது எழுதப்போகிறீர்கள், தெரியும்.

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். மினியாபொலிஸ் பக்கம் என்றால் வடக்கே வெர்மிலியன் ஏரி: சுமார் 40,000 ஏக்கர், பெரிய ஏரிதான், ஆனால் தீவுகளும் விரிகுடாக்களும் நிறைய இருப்பதால் காற்றுக்கு ஒதுங்க இடம் உண்டு. டெட்ராய்ட் என்றால் செயின்ட் கிளேர்; அங்கே கேபின் தேட வேண்டாம், ஒரு நாள் படகுக்காரரோடு போய்விட்டு மற்ற நாட்கள் ஊர் சுற்றலாம். நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் ஷட்டாக்வா ஏரி, கரையிலேயே கோடை முழுவதும் கச்சேரி, சொற்பொழிவு நடக்கும், மீனில் ஆர்வம் இல்லாதவர்களுக்கும் பொழுது போகும். வசந்தகால விடுமுறைதான் கிடைக்கிறது என்றால் கென்டக்கியின் கேவ் ரன். வடக்கே அப்போது சீசன் மூடியிருக்கும், அங்கே வருடம் முழுவதும் பிடிக்கலாம்.

விஸ்கான்சினின் ஹேவர்ட் ஊர்ப் பக்கம் போனால், நன்னீர் மீன்பிடி அருங்காட்சியகத்தில் 143 அடி நீள மஸ்கி சிலை இருக்கிறது, ஃபைபர் கிளாஸில். வாய்க்குள் ஏறி நின்று ஊரைப் பார்க்கலாம். மழை நாளில் விலாஸிலிருந்து பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனோம். என் பையனுக்கு அந்த வாரத்தின் பெரிய மீன் அதுதான்.

ஜூலை நடுவில் போனால் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மஸ்கியை விட்டுவிட்டுப் புளூகிலுக்குப் போய்விடுங்கள். அந்தச் சூட்டில் போராடிய மீன் நீந்திப் போகிற மாதிரி தெரியும், பிறகு செத்துவிடும். கம்பி லீடர் (பல் பட்டு அறுபடாமல் நரம்பு நுனியில் கட்டுகிற கம்பி), பெரிய ரப்பர் வலை, நீளக் குறடு, தூண்டில் முள்ளை வெட்டுகிற கட்டர் இவை இல்லாமல் ஒரு வீச்சுகூட வீசாதீர்கள்.

கேபின்கள் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் தருவார்கள், நல்லவை குளிர்காலத்திலேயே போய்விடும். போனில் கூப்பிடும்போது மஸ்கியைப் பற்றிக் கேட்காதீர்கள், எல்லோரும் "ஓ, நிறைய" என்பார்கள். மணல் எத்தனை அடி வரை, படகுத்துறைக்குப் பக்கத்தில் களைச்செடி இருக்கிறதா, கழிப்பறை எத்தனை என்று கேளுங்கள். எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள், எந்த மாதம் என்று கீழே எழுதினால் இன்னும் சொல்கிறேன். என் ஏரியின் பெயரைத் தவிர.