ரோஜாவின் கழுத்து ஏன் தொங்குகிறது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். கே.ஆர். மார்க்கெட்டில் ரோஜாக் கட்டு வாங்கி, சர்க்கரை கலந்த தண்ணீரில் வைக்கிறேன். தினமும் தண்ணீர் மாற்றியும் இரண்டாம் நாளே கழுத்து தொங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தண்ணீரில் நின்றுகொண்டே பூ தாகத்தில் வாடுகிறது. தண்டின் நீர்க்குழாய்கள் அடைபட்டதுதான் காரணம். வெட்டிய பூ மார்க்கெட்டிலும் பஸ்ஸிலும் வெறுமனே கிடக்கும்போது வெட்டுவாய் வழியாகக் காற்று புகுந்துவிடும். மீதியை பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். கிருமிநாசினி இல்லாத சர்க்கரைத் தண்ணீர் அதற்கு நல்ல விருந்து. நீங்கள் தண்ணீரைத்தான் மாற்றுகிறீர்கள். வெட்டுவாயில் படிந்த கொழகொழப்பு அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தண்டின் நுனியை பக்கெட் தண்ணீருக்குள் வைத்தபடியே 2–3 செ.மீ. சாய்வாக வெட்டுங்கள். கூரான கத்தி வேண்டும். மழுங்கிய கத்தரிக்கோல் குழாய்களை நசுக்கிவிடும். தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள். முள்ளைச் சீவுகிறேன் என்று தோலை உரிக்க வேண்டாம்.

கரைசலுக்கு 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர், சர்க்கரை 4 டீஸ்பூன் (சுமார் 20 கிராம்), வடிகட்டிய எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், துணி வெளுக்கும், வாசனை சேர்க்காத சாதாரண திரவ ப்ளீச் கால் டீஸ்பூன். ப்ளீச்சைக் கடைசியில், முழு லிட்டர் தண்ணீரில்தான் விட வேண்டும். சாறும் ப்ளீச்சும் நேரடியாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். போர்வெல், டேங்கர் தண்ணீர் சரிவராது. அதிலுள்ள பைகார்பனேட் எலுமிச்சையின் புளிப்பை முறித்துவிடும். புளிப்பான தண்ணீர்தான் தண்டில் எளிதாக ஏறும், கிருமியையும் அடக்கும். இரண்டு நாளுக்கொரு முறை ஜாடியைத் தேய்த்துக் கழுவி, தண்டை 1 செ.மீ. வெட்டி, புதுக் கரைசல் ஊற்றுங்கள். தண்ணீரில் ஆஸ்பிரின் மாத்திரையோ செப்புக் காசோ போட்டால் பூ வாடாது என்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வாங்கும்போதே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. இறுகிய பிஞ்சு மொட்டின் கழுத்துத் திசு முற்றியிருக்காது; எந்தக் கரைசலும் அதைத் தாங்கிப் பிடிக்காது. பச்சைப் புல்லி இதழ்கள் கீழே மடங்கி, வெளியிதழ் ஒன்றிரண்டு விலகத் தொடங்கிய மொட்டாகப் பார்த்து எடுங்கள்.

ஜாடிக்குப் பக்கத்தில் ஏலக்கி வாழைப்பழச் சீப்பு வேண்டாம். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிர்க்கும். கார்னேஷன் பூவுக்கு இன்னும் மோசம். ஜெர்பெரா பூவுக்கோ 5 செ.மீ. தண்ணீரே போதும், அதற்கு மேல் தண்டு அழுகும்.

கழுத்து ஏற்கெனவே தொங்கிய ரோஜாவை எறியாதீர்கள். நுனியை வெட்டி, தலை நிமிர்ந்து நிற்கும்படி செய்தித்தாளில் இறுகச் சுற்றி, கை பொறுக்கும் சூடான தண்ணீரில் முக்கால் தண்டு மூழ்க 2 மணி நேரம் வையுங்கள். வாடிச் சில மணி நேரமே ஆகியிருந்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.