இருட்டில் மலை ஏற எந்த டோச் நல்லது?

மஸ்கெலியாப் பக்கம் டோச், ரேடியோ திருத்துகிற சின்னக் கடை என்னுடையது. சீசனுக்கு ஒரு தடவையாவது சிவனொளிபாதமலை ஏறிவிடுவேன். கேள்விகள் நிறைய வந்திருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

நுவரெலியாவில் இருந்து ஒரு தம்பி: ஜனவரியில் நல்லதண்ணி வழியாக முதல் தடவை மலை ஏறப்போகிறோம். கடையில் 2000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) டோச் காட்டினார்கள். வாங்கலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) இருந்து மே மாத வெசாக் வரை நல்லதண்ணிப் பாதை நெடுகிலும் விளக்கு எரியும், தேத்தண்ணிக் கடையும் திறந்திருக்கும். விளக்கு இல்லாத இடைவெளிக்கும், கரண்ட் போனால் சமாளிக்கவும் 150 லூமன் தாராளம். அதையும் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். எதிரே கைப்பிள்ளையோடு இறங்கி வருகிறவர் கண்ணில் 2000 லூமனை அடித்தால், அவர் அடுத்த படியில் எப்படிக் கால் வைப்பார்?

சீசன் முடிந்து போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. விளக்கும் இல்லை, கடையும் இல்லை, மழையும் காற்றும்தான். அப்போது தலையில் மாட்டுவது ஒன்று, கையில் ஒன்று என்று ஆளுக்கு இரண்டு வேண்டும்.

அப்புத்தளையில் இருந்து: தம்பேதன்னையில் இருந்து லிப்டன் சீட்டுக்கு விடியற்காலையில் நடந்தோம். பனி இறங்கியதும் தலை டோச்சால் ஒன்றுமே தெரியவில்லை. எதிரில் வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தது. இன்னும் பவர் கூடியது வாங்க வேண்டுமா?

பவர் கூடினால் சுவரும் கூடத் தடிக்கும். எனக்கும் இது நடந்திருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டக் கூட என் பாதமே எனக்குத் தெரியாமல் போனது. கடைசியில் தலையில் இருந்ததைக் கழற்றி முழங்கால் உயரத்தில் பிடித்தேன், பாதை வந்துவிட்டது.

காரணம் இதுதான். பனி என்பது காற்றில் மிதக்கிற தண்ணீர்த் துளி. ஒளி அதில் பட்டு நாலா பக்கமும் சிதறும், ஒரு பங்கு வந்த வழியே திரும்பும். தலை டோச் கண்ணுக்கு இரண்டு விரல் மேலே இருப்பதால், திரும்புகிற ஒளி நேரே கண்ணுக்குள்தான் விழும். டோச்சை இடுப்புக்குக் கீழே இறக்கினால், நீங்கள் பார்க்கிற திசையும் ஒளி போகிற திசையும் பிரிந்துவிடும். வாகனங்களின் பனி விளக்கைப் பம்பருக்குக் கீழே பூட்டுவதும் இதற்குத்தான்.

மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்று சொல்லி விற்பார்கள். அவ்வளவாக நம்பாதீர்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். மஞ்சள் கண்ணைக் கூசவைப்பது குறைவு, அவ்வளவே. ஆனாலும் நான் மஞ்சள் கலந்ததைத்தான் பாவிக்கிறேன். நீல வெள்ளையில் ஈர மண்ணும் கல்லும் ஒன்றுபோலத் தெரியும், வழுக்குகிற இடம் பிடிபடாது.

ஹட்டனில் இருந்து: 9900 எம்.ஏ.எச். (மின்சாரம் பிடிக்கிற அளவு) என்று போட்ட 18650 பெட்டரி, ஒரு மணித்தியாலத்தில் செத்துவிடுகிறது. டோச்சில் பிழையா?

பிழை பெட்டரியின் மேலே ஒட்டிய தாளில். 18650 என்பது 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம் என்று அளவைச் சொல்கிற எண். அந்த அளவுக்குள் நல்ல கம்பனிகள் அடைக்கிறதே 3500 எம்.ஏ.எச். அளவுதான். 9900 என்று எழுதியிருந்தால் பார்த்த உடனேயே கீழே வைத்துவிடுங்கள். கையில் தூக்கினாலும் தெரியும், நல்லது 45 கிராமுக்குக் குறையாது, போலி சும்மா பஞ்சு மாதிரி இருக்கும்.

இன்னொன்று. இந்த மாதிரிப் பெட்டரியை இரவெல்லாம் மெத்தையில் போட்டு சார்ஜ் பண்ணாதீர்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசைக்கே ஆபத்து. சிமெந்துத் தரையில் வைத்து, முழித்திருக்கும்போது ஏற்றுங்கள்.

பண்டாரவளை: பெட்டியில் 600 மீற்றர் தூரம், 40 மணித்தியாலம் என்று இருக்கிறது. உண்மையா?

பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் அளக்கிற விதம் அப்படி. தரமான கம்பனிகள் பின்பற்றும் முறையில், வெளிச்சம் 0.25 லக்ஸ் ஆகக் குறையும் இடம் வரைக்கும் தூரம் என்று எழுதுவார்கள். அது முழுநிலா வெளிச்சம் அளவு. நேரத்தையும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காக விழும் வரை எண்ணுவார்கள். 40 மணித்தியாலமும் முதல் நிமிடம் மாதிரியே எரியும் என்று நினைத்துப் புறப்படாதீர்கள்.

அக்கரப்பத்தனையில் இருந்து ஒரு அக்கா: லயத்தில் இருந்து கக்கூசுக்குப் போக இருட்டில் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். சிறுத்தை நடமாட்டமும் இருக்கிறது. போன் லைட் போதுமா?

போதாது அக்கா. போன் லைட் காலடியைக் காட்டும், தேயிலைச் செடிக்குள் என்ன நிற்கிறது என்று காட்டாது. பக்கவாட்டிலும் விரிந்து விழுகிற கை டோச் ஒன்றைக் கதவுப் பக்கம் ஆணியில் மாட்டி வையுங்கள், பிள்ளைகளுக்கும் எட்டுகிற உயரத்தில். வெளியே இறங்குமுன் படியில் நின்று ஒரு சுற்று அடித்துப் பாருங்கள். சிறுத்தையின் கண் ஒளி பட்டால் மின்னும். நாய்க்கும் மரைக்கும் அப்படித்தான், அதனால் ஒவ்வொரு மின்னலுக்கும் பயப்படத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், மெல்லப் பின்னால் வாருங்கள். ஒளி விலங்கை விரட்டும் என்று எண்ணியும் முன்னால் போகாதீர்கள். உண்மையில் அந்தப் பாதைக்குத் தோட்டம் ஒரு விளக்குப் போட்டிருக்க வேண்டும். டோச் அதற்கு ஈடாகாது.

மாத்தளை: நக்கிள்ஸ் பக்கம் கூடாரம் போடுகிறோம். சிவப்பு லைட் அவசியமா?

நட்சத்திரம் பார்ப்பதானால் நல்லது. கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் எடுக்கும், வெள்ளை ஒளி ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும். ஆனால் காலில் இரத்தம் குடிக்கிற அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வெள்ளையைத்தான் போட வேண்டும். சிவப்பில் இரத்தம் கண்ணுக்குத் தெரியாது.

கினிகத்தேனை: மழைக்கு எது?

தண்ணீர் தாங்கும் அளவைச் சொல்கிற எண்ணைப் பாருங்கள். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கிற தண்ணீர் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணித்தியாலம் தாங்கும். உங்கள் ஊர் மழைக்கு இரண்டாவதை வாங்குங்கள். சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக மூடியிருக்க வேண்டும், திறந்து கிடந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

பதுளையில் இருந்து ஒரு ஐயா: இரண்டு பெரிய பெட்டரி போடுகிற என் பழைய இரும்பு டோச்சை வீசச் சொல்கிறான் மகன்.

வீசாதீர்கள் ஐயா. உள்ளே குண்டு பல்ப் இருந்தால் கழற்றி, அதே அடிப்பாகத்துக்குப் பொருந்தும் எல்.ஈ.டி. பல்ப் போடலாம், வெளிச்சமும் நேரமும் கூடும். புதிய பெட்டரியோடு பழையதைக் கலக்காதீர்கள். பாவிக்காத நாட்களில் இரண்டையும் கழற்றி வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் கசிந்து உள்ளே பச்சை பிடித்துவிடும். பிடித்திருந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள், சுரண்டித் தருகிறேன்.