ஐந்து பேர், ஒன்பது நாள், ஒரே ஊர்

கேள்வி: வணக்கம் தங்கச்சி. நாங்கள் அக்கா தங்கை மூன்று பேர், நாத்தனார் ஒருத்தி, கோவில் பஜனையில் கூடப் பாடுகிற தோழி ஒருத்தி, ஆக ஐந்து பேர். வயது 58இலிருந்து 74 வரை. மாதாமாதம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் செப்டம்பர் 20ஆம் தேதி அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகருக்குப் புறப்படுகிறோம், ஒன்பது நாள். "அவ்வளவு தூரம் போய் ஒரே ஊரில் உட்கார்ந்திருப்பதா, இகுவாசு அருவியைப் பார்க்க வேண்டாமா" என்று என் மகன் தினமும் கேட்கிறான். எங்களுக்கு அந்த ஊரை நிதானமாகப் பார்த்தாலே போதும். அதோடு புரட்டாசி விரதம், முட்டைகூடக் கிடையாது. அங்கே என்ன சாப்பிடுவது?
(ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா)

பதில்: அக்கா, இந்த விஷயத்தில் மகன் பேச்சைக் கேட்காதீர்கள். அருவிக்குப் போக விமானம் ஏற வேண்டும், வர ஒரு விமானம், நடுவில் ஒரு இரவு. ஒன்பது நாளில் இரண்டு நாள் பெட்டி கட்டுவதிலேயே போய்விடும். நான் போனபோது நாங்கள் ஆறு பேர். முதல் நாள் ஒரு பயண நிறுவனத்தின் வேனில் ஏறினோம், ஒரே நாளில் பதினொரு இடம் காட்டினார்கள். சாயங்காலம் எங்களில் ஒருவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது, எந்தச் சிலை எந்தச் சதுக்கத்தில் இருந்தது என்று ஆறு பேரில் ஒருவருக்கும் நினைவில்லை. மறுநாள் வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், கட்டிய பணமும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான்: காலையில் ஒரே ஒரு இடம், மத்தியானம் ஒரு நல்ல நாற்காலி. நீங்களும் அப்படியே செய்யுங்கள், அந்த ஊர் அதற்கென்றே கட்டினது மாதிரி இருக்கும்.

நாற்காலி என்று நான் சொல்வது கஃபேயை. தோர்த்தோனி 1858இல் ஆரம்பித்தது, எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், வாசலில் வரிசையும் நிற்கும். காலையில் சீக்கிரம் போனால் உள்ளே இடம் கிடைக்கும். ஆனால் நகராட்சியே பட்டியல் போட்டுப் பாதுகாக்கிற பழைய கஃபேக்கள் பேட்டைக்குப் பேட்டை உண்டு. அவற்றில் ஒன்றில் உட்கார்ந்து காபி கேளுங்கள், கூடவே சின்னக் கண்ணாடி டம்ளரில் சோடா, தட்டில் ஒரு குட்டி பிஸ்கட் வரும். அப்புறம் உங்களை யாரும் கிளப்ப மாட்டார்கள். நீங்களாகக் கேட்காமல் பில் வராது. இரண்டு மணி நேரம் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு பேசலாம், காபி விலைதான் செலவு.

வியாழக்கிழமை ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அன்று மத்தியானம் மூன்றரை மணிக்கு மாயோ சதுக்கத்தில் இருங்கள், ஜனாதிபதியின் இளஞ்சிவப்பு மாளிகைக்கு எதிரே. ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடி 1977 ஏப்ரல் 30ஆம் தேதி பதினான்கு தாய்மார் அங்கே கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்று போலீஸ் விரட்டியபோது, சரி என்று நடுவில் இருக்கும் தூணைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். அந்த நடை இன்றும் வியாழன்தோறும் நடக்கிறது. காணாமல் போனவர்கள் 30,000 பேர் என்கின்றன அங்குள்ள மனித உரிமை அமைப்புகள். ஒருவரையொருவர் அடையாளம் தெரிய அந்தத் தாய்மார் தலையில் கட்டிக்கொண்ட வெள்ளைத் துணி, முதலில் குழந்தைக்குக் கட்டும் அரைத்துணி. தங்கள் பிள்ளைக்குக் கட்டிய துணி, அக்கா. அந்த முக்காட்டின் வடிவத்தைத் தூணைச் சுற்றித் தரையில் வெள்ளையாக வரைந்திருக்கிறார்கள். நான் குனிந்து பார்த்தேன், பல பேர் கால் பட்டு ஒரு முக்காட்டின் முடிச்சுப் பக்கம் பெயிண்ட் தேய்ந்து கல் தெரிந்தது. எங்களோடு வந்த ஒரு அம்மா, தடுப்புக் காவலில் தம்பி இருந்த காலத்தில் டர்பன் போலீஸ் நிலைய வாசலில் தன் தாயோடு காத்துக் கிடந்தவர். அவர் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நடையில் சேர்ந்துகொண்டார். அவர் பின்னாலேயே நாங்களும் போனோம்.

இன்னொரு காலையைக் குடியேறிகள் விடுதிக்கு வையுங்கள், துறைமுகத்தின் பக்கம் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். 1911இல் திறந்தது. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு ஐந்து நாள் இலவசப் படுக்கை, சாப்பாடு, வேலை தேடித் தர ஒரு அலுவலகம். நம் முன்னோர் 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனில் வந்து இறங்கியபோது கிடைத்தது ஐந்து வருஷ ஒப்பந்தமும் ஒரு எண்ணும். அந்த நீளக் கூடத்தில் நிற்கும்போது எனக்கு அதுதான் மனதில் ஓடியது. கரும்புக் காட்டுக்கு வந்த கொள்ளுப்பாட்டியின் பெயரைப் பழைய கப்பல் பட்டியலில் தேடியவர் யாராவது உங்கள் ஐவரில் இருந்தால், அங்கே நிறைய நேரம் கொடுங்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெகொலேத்தா கல்லறைத் தோட்டம் ஒரு காலைக்குப் போதும், ஜனாதிபதி பெரோனின் மனைவி எவா பெரோன் அங்கேதான், துவார்த்தே என்ற பிறந்த வீட்டுப் பெயர் போட்ட கல்லறையில். கோலோன் நாடக அரங்கம் 1908இல் திறந்தது, பகலில் சுற்றிக் காட்டுகிறார்கள். சாந்தா ஃபே சாலையில் 1919இல் கட்டிய நாடகக் கொட்டகை ஒன்று இன்று புத்தகக் கடை, மேடை இருந்த இடத்தில் காபி குடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சான் தெல்மோ சந்தை. லா போகாவின் வண்ணத் தகர வீடுகளைப் பகலிலேயே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள், பக்கத்துத் தெருக்களுக்குள் போக வேண்டாம், கைப்பை உடம்பின் முன்பக்கம் இருக்கட்டும். நீங்கள் போய்ச் சேரும் செப்டம்பர் 21 அங்கே வசந்த நாள், மாணவர் நாளும்கூட, பலெர்மோ பூங்காக்களில் பிள்ளைகள் கூட்டம் நிரம்பி வழியும். லபாச்சோ மரங்கள் இலையில்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் மாதம் அது. ஜகராண்டாவுக்கு நவம்பர் வர வேண்டும், அதை நாம் பிரிட்டோரியாவிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

காலுக்கு நல்ல செருப்பு அவசியம். நடைபாதைக் கற்கள் பல இடத்தில் ஆடும். மழை விட்ட பிறகு ஆடும் கல்லில் கால் வைத்தால் அடியில் தேங்கிய சேற்றுத் தண்ணீர் முழங்கால்வரை பீய்ச்சி அடிக்கும், என் வெள்ளைச் சேலை அதில் போனது. சுரங்க ரயில் 1913இலிருந்து ஓடுகிறது, ஆனால் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இல்லை, 74 வயதுக்காரருக்குப் பஸ்தான் சுகம். சூபே என்ற அட்டை வாங்குங்கள், ஒரே அட்டையில் ஐந்து பேருக்கும் கட்டலாம்.

இனி சாப்பாடு. அங்கே கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் கோழியோ பன்றித் துண்டோ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், அவர்கள் மனதில் அது கார்னே இல்லை. அதனால் முழுதாகச் சொல்ல வேண்டும்: சின் கார்னே, சின் போஷோ, சின் ஹமோன், சின் பெஸ்காதோ, சின் உவேவோ. மாடு, கோழி, பன்றித் துண்டு, மீன், முட்டை ஐந்தும் வேண்டாம் என்று அர்த்தம். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நீட்டினாலும் போதும். காலையில் எல்லாரும் தின்கிற மெதியாலூனா என்ற பிறை ரொட்டியில் ஒரு வகை கொழுப்பில் செய்வது, ஒரு வகை வெண்ணெயில் செய்வது, இரண்டிலும் பெரும்பாலும் முட்டை உண்டு, ஆகவே விரதத்துக்கு ஆகாது. எம்பனாதா என்ற, சோமாசி மாதிரிப் பலகாரத்தின் மாவிலும் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பதுண்டு, உள்ளே சோளம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். உங்களுக்கு ஏற்றது ஃபைனா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். தட்டையாக அடுப்பில் சுட்டு முக்கோணமாக வெட்டித் தருவார்கள், பீட்ஸாத் துண்டின் மேல் வைத்துச் சாப்பிடுவது அந்த ஊர் வழக்கம். ஓரம் மொறுமொறு, நடு அல்வா மாதிரி. மிளகுத்தூள் தூவிக்கொண்டால் நம் வீட்டுப் பலகாரம் போலவே இருக்கும்.

சமையலறையோடு ஒரு வீடு வாடகைக்கு எடுங்கள். தியெத்தேத்திகா என்ற பெயர்ப்பலகை போட்ட சின்னக் கடைகளில் பருப்பு, கொண்டைக்கடலை, அரிசி, மஞ்சள் எல்லாம் நிறுத்துத் தருகிறார்கள். காரம் மட்டும் அந்த ஊரில் கிடைப்பது கஷ்டம், மிளகாய்த்தூளைக் கடைப் பாக்கெட் பிரிக்காமல் கொண்டுபோய், சுங்கத்தில் கேட்டால் எடுத்துக் காட்டுங்கள். கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் பெட்டியில் வேண்டாம். வீட்டில் சமைப்பதால் சனிக்கிழமைப் பெருமாள் பூஜைக்கு வெளியே சாப்பிடும் தொல்லையும் இருக்காது. இன்னொன்று, இரவுச் சாப்பாட்டுக் கடைகள் எட்டு மணிக்கு மேல்தான் திறக்கும். நமக்கும் அவர்களுக்கும் ஐந்து மணி நேர வித்தியாசம் இருப்பதால் முதல் இரண்டு நாள் அதற்குள் கண் சொருகிவிடும், வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள்.

கேள்வி: தென் அமெரிக்கா போக ஊசி போட வேண்டுமா? விசா?
(ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: நம் பாஸ்போர்ட்டுக்கு அர்ஜென்டினாவில் 90 நாள்வரை விசா வேண்டாம் ஐயா. சிக்கல் திரும்பி வரும்போதுதான். பிரேசிலும் அர்ஜென்டினாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருப்பதால் நம் விமான நிலையத்தில் அந்தத் தடுப்பூசி போட்டதற்கான கார்டைக் கேட்பார்கள். ஜொகானஸ்பர்க்கிலிருந்து சாவோ பாலோ போய் மாறுகிறவர்கள் அதிகம், கார்டு கையில் இருக்கட்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும், பிறகு ஆயுசுக்கும் போதும். 60 வயது தாண்டியவர்கள் முதல் தடவை போடுவதில் ஆபத்து கொஞ்சம் கூடுதல், ஆகவே பயண மருத்துவமனையில் டாக்டரிடம் பேசாமல் போட்டுக்கொள்ளாதீர்கள். போடக்கூடாது என்று அவர் முடிவு செய்தால் அதற்கான கடிதம் தருவார். சாட்ஸ்வர்த் அக்கா, இது உங்களுக்கும்தான்.

கேள்வி: ஊருக்கு வெளியே ஒரே ஒரு நாள் போகலாம் என்றால் எங்கே?
(ஒரு வாசகி, டோங்காட்)

பதில்: நிறையப் பேர் படகேறி உருகுவேயின் கொலோனியாவுக்குப் போகச் சொல்வார்கள், அழகான ஊர்தான். நான் அனுப்புவது சான் இசித்ரோவுக்கு. ரெத்திரோ நிலையத்தில் ரயில் ஏறி பெக்காரில் இறங்கினால் விக்டோரியா ஒக்காம்போ என்ற எழுத்தாளரின் வீடு, 1973இல் யுனெஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டார். 1924இல் பெருவுக்குக் கிளம்பிய தாகூர் வழியில் காய்ச்சலில் விழுந்து புவெனஸ் ஐரிஸில் தங்க நேர்ந்தபோது, ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டைப் பக்கத்திலேயே அமர்த்தி அவரைப் பார்த்துக்கொண்டவர் இவர். அடுத்த வருஷம் வந்த பூரபி கவிதைத் தொகுப்பை, இவரை விஜயா என்ற பெயரில் அழைத்து, இவருக்கே சமர்ப்பணம் செய்தார் தாகூர். தோட்டத்தில் மரநிழல் தாராளம். உள்ளே பார்க்கத் திறக்கும் நாள்களை முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள்.

பூங்காவில் யாராவது மாத்தே பானத்தை நீட்டினால் தயங்காமல் வாங்கிக் குடியுங்கள், ஒரே குடுவையும் ஒரே குழலும் எல்லாரிடமும் சுற்றி வரும். கசக்கும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கிராசியாஸ் (நன்றி) சொல்லாதீர்கள், அங்கே அதற்கு எனக்குப் போதும் என்று அர்த்தம், அடுத்த சுற்றில் உங்களை விட்டுவிடுவார்கள்.