லீவு எப்போது, வகுப்பு எதற்கு? பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை திருகோணமலைப் பெற்றோரிடமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாடசாலை லீவைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

லீவு எப்ப தொடங்குது சேர்? உடனே பதில் தரவும். (அன்புவழிபுரம்)

எந்தப் பாடசாலை, எந்தத் தரம், எந்தத் தவணை? மூன்றில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம். இதே பகுதியில் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்: பாடசாலை எந்த வலயம், எந்த வகை என்று எழுதுங்கள். 'தமிழ் மொழிமூலம்' என்பது மட்டும் போதாது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பாடசாலைகளும் தமிழ் மொழிமூலம்தான். ஆனால் அவற்றின் லீவு நோன்பை ஒட்டி வரும், நாட்காட்டியே வேறு.

சித்திரை, ஆகஸ்ட், மார்கழி என்று மூன்று லீவு வருவது பழைய ஒழுங்கு. கொரோனாவோடு அது குலைந்தது. 2023இல் கல்வியாண்டு தொடங்கியதே மார்ச் கடைசியில். 2024இல் பெப்ரவரியில், 2025இல் ஜனவரி கடைசியில். ஒரே தவணையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. ஆகவே போன வருடத்து நாட்காட்டியைப் பார்த்து பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ ஆசனம் பதிய வேண்டாம். கல்வி அமைச்சின் சுற்றறிக்கை அதிபரிடம் இருக்கும், போய்க் கேளுங்கள்.

மழையால் நாளை பாடசாலை இல்லை என்று வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தது. மகளை அனுப்பவில்லை. பார்த்தால் பாடசாலை நடந்திருக்கிறது. (பாலையூற்று)

கடிதத்தில் திகதியைப் பார்த்தீர்களா? ஒவ்வொரு மாரிக்கும் பழைய கடிதம் ஒன்று திகதி வெட்டுப்பட்டு ஊரைச் சுற்றி வரும். வகுப்பாசிரியருக்கு ஒரு அழைப்பு எடுத்தால் முடிந்தது.

தீபாவளிக்கு மறுநாளும் லீவு தந்துவிட்டு, சனிக்கிழமை வரச் சொல்கிறார்கள். கட்டாயம் அனுப்ப வேண்டுமா? (செல்வநாயகபுரம்)

கட்டாயம். அது மாகாணம் கொடுத்த விசேட லீவு, அதற்குப் பதில் பாடசாலைதான் அந்தச் சனிக்கிழமை. அன்றைய வரவும் பதிவேட்டில் ஏறும்.

மகன் தரம் 5. சித்திரை லீவில் தினமும் காலை 6 மணியிலிருந்து 11 வரை புலமைப்பரிசில் வகுப்பு, பின்னேரம் வினாத்தாள் வகுப்பு. வருடப்பிறப்புக்கு மட்டும்தான் லீவாம். 'மற்றப் பிள்ளைகள் எல்லாம் வருகுது' என்கிறார் ஆசிரியர். விடவா, வேண்டாமா? (உவர்மலை)

வேண்டாம் அம்மா. காரணத்தையும் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

சித்திரை மாதத்துத் திருகோணமலை வெயில் உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்கெல்லாம் தகரக் கொட்டகை கொதிக்கத் தொடங்கிவிடும். ஒரு வாங்கில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பிள்ளைகள் முழங்கை இடிக்க இருந்து எழுதுகிறார்கள். இடைவேளையில் ஒரு பணிஸ், ஒரு பக்கற் பால். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடியே தூங்கி விழுகிற பிள்ளையைப் பின்னேரம் திரும்ப எழுப்பி அனுப்புகிறோம். பத்து வயதுப் பிள்ளை அது.

அந்தப் பரீட்சை என்ன கேட்கிறது? இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. முதலாவது நுண்ணறிவு: ஒரு மணி நேரத்தில் 40 வினா. யோசிக்கிற மூளைக்கு வைக்கிற பரீட்சை. களைத்துப்போன மூளை வடிவத்தையும் எண்கோலத்தையும் பார்த்து யோசிக்காது, போன கிழமை மனப்பாடம் செய்த விடையைத் தேடும். இப்படித் தடுமாறும் பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன். பரீட்சைக்குச் சில நாள் முன்பே தனியார் வகுப்புகளைப் பரீட்சைத் திணைக்களம் தடை செய்கிறது. அந்தச் சில நாளுக்கு வேண்டிய ஓய்வு சித்திரையில் வேண்டாமா?

நாடு முழுக்க மூன்று லட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். வெட்டுப்புள்ளியை, அதாவது தெரிவாவதற்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளியைத் தாண்டுவோர் ஆறில் ஒருவர் என்று வையுங்கள். மற்ற ஐந்து பேரும் தோற்ற பிள்ளைகளா? வெட்டுப்புள்ளி, உதவிப்பணத்துக்கும் பெரிய பாடசாலை இடத்துக்கும்தான். அது இல்லாமலே உயர்தரத்தில் நன்றாகச் செய்த பிள்ளைகள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

உங்கள் மகனுக்கு ஒரு ஒழுங்கு சொல்கிறேன். கிழமைக்கு மூன்று நாள், காலையில் ஒரு மணி நேரம், ஒரு பழைய வினாத்தாள். பிழைத்த வினாவை நீங்களே பக்கத்தில் இருந்து பாருங்கள். மற்ற நேரம் அவனுடையது. சந்தைக்குக் கூட்டிப் போங்கள், மிச்சக் காசை அவன் கணக்குப் பார்க்கட்டும். மாமா வீட்டுக்கு அனுப்புங்கள். கோணேசர் கோவிலடியில் மானுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவன் யோசித்துக்கொண்டு நிற்கட்டும். 'மற்றப் பிள்ளைகள் வருகுது' என்பதை ஒரு காரணமாக எடுக்காதீர்கள். அந்தத் தாய்மாருக்கும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் இதே கதை சொல்லப்படுகிறது.

தரம் 3, 4 பிள்ளைகளை இப்போதே சேர்க்கலாமா என்று கேட்ட மற்றவர்களுக்கும் இதுவே பதில்.

கனடாவில் இருந்து தம்பி குடும்பம் மார்கழி லீவில் வருகிறது. பிள்ளைகளைப் புறாத்தீவுக்கும் நிலாவெளிக் கடலுக்கும் கூட்டிப் போகலாமா? (சாம்பல்தீவு)

மார்கழியில் வாடைக்கடல். குளிக்கவும் படகேறவும் ஏற்ற நேரம் அல்ல. கடல் அடங்குவது சித்திரை, வைகாசி தொடங்கி. ஆகஸ்ட் லீவு மிக நல்லது. அவர்கள் திகதியை மாற்ற முடியாவிட்டால், மழை விட்ட நாளில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போங்கள். ஏழு கிணறும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தம்பி வருகிறார் என்று தவணை முடியும் முன் பிள்ளையைப் பாடசாலைக்கு விடாமல் மறிக்க வேண்டாம்.

சாதாரண தரப் பரீட்சைக்கு எங்கள் பாடசாலையை மூடிவிட்டார்கள். பக்கத்துப் பாடசாலை நடக்கிறது. இது என்ன நியாயம்? (திருகோணமலை நகர்)

உங்களுடையது பரீட்சை நிலையம், மற்றது அல்ல. அவ்வளவுதான். விடைத்தாள் திருத்தும் நிலையமாகவும் எடுத்தால் இன்னும் சில நாள் மூடும், அதையும் அதிபரிடம் கேட்டு வையுங்கள்.

மகன் உயர்தரம் முதல் வருடம். கதிர்காமப் பாதயாத்திரைக்கு எங்களோடு வர நிற்கிறான். லீவு எடுக்கலாமா? (சம்பூர்)

நேர்த்தி என்றால் நான் மறிக்க மாட்டேன். ஆனால் பாடசாலை மூலம் உயர்தரத்துக்குத் தோற்ற 80 வீத வரவு வேண்டும். யாத்திரை முழுக்க நடந்தால் கிழமைக் கணக்கில் போய்விடும். இதுவரை எத்தனை நாள் வராமல் விட்டான் என்று முதலில் பதிவேட்டில் பாருங்கள். வரவு குறைவாக இருந்தால், வழியில் வரும் வெருகல் வரை உங்களோடு நடந்துவிட்டுத் திரும்பட்டும். கதிர்காமக் கொடியேற்றம் தவணை லீவில் விழுகிற வருடம் என்றால், காடு தொடங்கும் உகந்தையில் வந்து சேர்ந்து காட்டுப்பாதையை மட்டும் நடக்கலாம். எதுவானாலும் போகுமுன் வகுப்பாசிரியரிடம் கடிதம் கொடுங்கள். வந்த பிறகு கொடுக்கிற கடிதத்தை ஏற்பதும் விடுவதும் அவர் கையில்.