வாசகர் கேள்வி–பதில்: மன்னர்களின் நகைக்கு என்னதான் மதிப்பு?

கேள்வி: 2011-இல் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயில் நிலவறைகளைத் திறந்தபோது லட்சம் கோடி ரூபாய் என்றெல்லாம் செய்தி வந்தது. அரசர்கள் சேர்த்து வைத்த தங்கத்தை விற்று மருத்துவமனையும் பள்ளியும் கட்டினால் என்ன தப்பு?

பதில்: உங்கள் அக்கறை நியாயமானது. ஆனால் இதைச் செய்துபார்த்த நாடுகள் உண்டு. அங்கே என்ன ஆனது என்று தெரிந்துகொண்டு முடிவுக்கு வாருங்கள். பிரான்ஸ் 1887-இல் தன் அரச நகைகளை ஏலத்தில் விற்றது. கிரீடமே இல்லாவிட்டால் ராஜா எங்கிருந்து வருவார் என்பது அன்றைய குடியரசுக்காரர்களின் கணக்கு. அமெரிக்காவின் டிஃபனி நிறுவனம் ஏராளமாக வாங்கியது, பல நகைகள் பிரிக்கப்பட்டுக் கற்கள் வெவ்வேறு கழுத்துகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அப்புறம் அதே பிரான்ஸின் லூவர் அருங்காட்சியகம், தப்பிப் பிழைத்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் திரும்ப வாங்கத் தொடங்கியது. மூன்றாம் நெப்போலியனின் மனைவி, பேரரசி யூஜெனியின் வைர ரிப்பன் முடிச்சு ஒன்றுக்கு மட்டும் 2008-இல் 60 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் 1649-இல் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய கையோடு கிரீடங்களை உருக்கி நாணயம் அடித்தார்கள். மன்னராட்சி திரும்பியதும் 1661-இல் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார்கள். 12-ஆம் நூற்றாண்டு அபிஷேகக் கரண்டி போன்ற ஓரிரு பொருள்கள்தான் பழையவை.

மருத்துவமனை கட்டாயம் வேண்டும், அதற்கு வரிப்பணம் இருக்கிறது. தங்கம் நாளைக்கும் சந்தையில் கிடைக்கும். முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு பொற்கொல்லர் அந்தக் கல்லை எப்படிப் பதித்தார், அந்த மரகதம் எந்தக் கடல் தாண்டி வந்தது, எந்த வேண்டுதலுக்காக யார் அதைக் கொடுத்தார் என்பதெல்லாம் உலையில் போட்ட பத்தாவது நிமிடம் போய்விடும். நிலவறை விஷயத்தில் எனக்கு ஒரே ஆசைதான்: உள்ளே இருப்பதை ஒன்றுவிடாமல் படம் எடுத்து, எடை போட்டு, பட்டியலை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும்.

கேள்வி: லூவரில் அரச நகைகளைத் திருடியவர்களால் அவற்றை வெளியே விற்கவே முடியாது என்கிறார்களே, பிறகு எதற்குத் திருடினார்கள்?

பதில்: முழுசாக விற்க முடியாது. 2025 அக்டோபர் 19 அன்று போனது எட்டு நகைகள், மதிப்பு 8.8 கோடி யூரோ என்றார்கள். உலகத்துக்கே படம் தெரிந்த நகையை யார் வாங்குவார்? ஆனால் பிரித்து, கல்லை வேறு வடிவில் வெட்டி, பொன்னை உருக்கிவிட்டால் அடையாளம் கிடையாது. அப்போது திருடனுக்குக் கிடைப்பது அந்த 8.8 கோடியில் ஒரு பகுதிதான், மீதி மதிப்பு யார் கைக்கும் போகாமல் அழிந்துபோகும். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. நான் மேலே சொன்ன யூஜெனியின் வைர முடிச்சும் அந்த எட்டில் ஒன்று.

கேள்வி: நம் சோழ, பாண்டிய அரசர்களின் கிரீடம், ஆரம் எதையுமே அருங்காட்சியகத்தில் காணோமே? எல்லாம் கட்டுக்கதையா?

பதில்: கட்டுக்கதை இல்லை. பொருள் போய்விட்டது, ஆனால் அதன் கணக்கு தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இன்னும் இருக்கிறது. ராஜராஜனும், அக்கன் குந்தவையும், அரசியரும் கொடுத்த நகைகளை ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர், மணிகளை நிறுத்ததற்குத் தட்சிணமேரு விடங்கன். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற பழைய சிற்றளவுகள் வரைக்கும் போகிறது. முத்து என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர மாட்டார்கள்: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் (இங்கே நீர் என்பது முத்தின் ஒளி) என்று வகை பிரித்து, எத்தனை என்று எண்ணிச் சொல்கிறார்கள். நகைக்குள் இருக்கும் அரக்குக்குக்கூடக் கணக்கு உண்டு. என்னை மிகவும் நெகிழ வைப்பது வேறொன்று. பேரரசன் கொடுத்த மாணிக்கத்தில் குழி இருந்தால் குழி, வெண்புள்ளி இருந்தால் வெண்புள்ளி என்று அதையும் பதிந்திருக்கிறார்கள். ராஜா கொடுத்தது, குறை சொல்லலாமா என்று யாரும் தயங்கவில்லை.

அந்த நகைகள் எங்கே போயின என்றால், படையெடுப்பில் கொள்ளை, பஞ்சத்திலும் போரிலும் உருக்கியது, பழசை அழித்துப் புதுசு செய்தது எனப் பொதுவாக இப்படித்தான் அரச நகைகள் எங்கும் காணாமல் போகின்றன. தஞ்சாவூர் போனால் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடாதீர்கள், அந்தச் சுவர்ப் பக்கமும் நின்று பாருங்கள்.

கேள்வி: கோஹினூர் வைரம் திரும்பி வருமா?

பதில்: சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை. 1849-இல் பஞ்சாபைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அதன் அரசராக இருந்த பத்து வயதுப் பையன் துலீப் சிங்கிடம் கையெழுத்து வாங்கி எடுத்துக்கொண்டது அது. அதற்குப் பெயர் அன்பளிப்பு என்றால் என் மனம் ஒப்பவில்லை. 1852-இல் அதைத் திரும்பப் பட்டை தீட்டியதில் சுமார் 186 காரட் இருந்தது 105.6 காரட்டாகச் சுருங்கியது, பழைய முகலாய வடிவமும் அதோடு போயிற்று. இன்று இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் என்று உரிமை கேட்பவர்களும் பலர்.

ஆனால் எதுவுமே திரும்பாது என்று சொல்லிவிடாதீர்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815-இல் பிடித்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்களே, அந்த அரசின் சிம்மாசனமும் கிரீடமும் 1934-இல் இலங்கைக்குத் திரும்பின. கானாவின் அசாந்தே அரசப் பொன்பொருள்கள் 2024-இல் லண்டன் அருங்காட்சியகங்களிலிருந்து அசாந்தே தலைநகர் குமாசிக்குப் போயின, அதுவும் கடனாக. தங்கள் பொருளைத் தாங்களே இரவல் வாங்க வேண்டிய நிலை!

கேள்வி: ஹைதராபாத் நிஜாம் நகைகளை அரசு வாங்கியதே, பெட்டகத்தில் பூட்டி வைப்பதற்கா?

பதில்: இது எனக்கும் இருக்கும் ஆதங்கம். 1995-இல் மத்திய அரசு 173 நகைகளை வாங்கியது சரியான காரியம், இல்லையென்றால் வெளிநாட்டு ஏலத்தில் சிதறியிருக்கும். சுமார் 185 காரட் ஜேக்கப் வைரமும் அதில் இருக்கிறது. ஆனால் 2019-இல் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் வைத்தது மாதிரி எப்போதாவதுதான் கண்ணில் காட்டுகிறார்கள். பாதுகாப்புச் செலவு அதிகம் என்பது உண்மைதான். அதற்காகப் பொதுப்பணத்தில் வாங்கியதைப் பொதுமக்கள் பார்க்காமலேயே இருப்பதா? ஹைதராபாத்தில் நிரந்தரமாக ஓர் அரங்கு வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம்.